சினிமாப் பாட்டு வாசித்தால் விலைபோனவரா? நாயன (நாகசுர)க் கலைஞர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் கும்பகோணம், மயிலாடுதுறை சாலையில், நரசிங்கம்பேட்டைக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது. வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில் இருந்தது. என் கை அதற்கு வளையவில்லை, பள்ளிக்கூட ஆசிரியனாகிவிட்டேன். ஆனாலும் உறவுக்காரக் கலைஞர்களுக்குத் தேதி பேசிக் கொடுப்பதும், திருவிழாவிற்கு மேளம் ஏற்பாடு செய்வதும் இன்றுவரை என்னிடம்தான் இருக்கின்றன. கல்யாண வீட்டார், கோயில் கமிட்டிக்காரர்கள், விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வரும் ரசிகர்கள், இசைக் கல்லூரி மாணவர்கள் என்று யார் வந்தாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: கூட்டத்திற்காக வாசிப்பவர் கலையை விற்றுவிட்டாரா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

"விலைபோய்விட்டார், விலைபோய்விட்டார்" என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

சொல்லுகிறவரைப் பொறுத்து அர்த்தம் மாறும். சிலர் அதிகப் பணம் கேட்பதைச் சொல்கிறார்கள். சிலர் சினிமாப் பாட்டு வாசிப்பதை, தொலைக்காட்சியில் வருவதை, கீபோர்டுக்காரரோடு மேடையேறுவதைச் சொல்கிறார்கள். மிகச் சிலர் மட்டுமே, முன்பு அக்கறையோடு வாசித்த ஒருவர் இப்போது ஏனோதானோ என்று வாசிக்கிறார் என்பதைச் சொல்கிறார்கள். என் கணக்கில் கடைசியில் சொன்னது மட்டுமே குற்றம். முதல் இரண்டில் பெரும்பாலும் பொறாமையோ பழக்கமின்மையோதான் பேசுகிறது.

காசு வாங்கிக்கொண்டு வாசிப்பதே விற்பதுதானே? தியாகராஜர் நிதியே வேண்டாம் என்றாரே?

தியாகராஜர் (1767–1847) திருவையாற்றில் உஞ்சவிருத்தி (வீதியில் பாடிப் போய் அரிசி பெறுவது) எடுத்து வாழ்ந்ததும், கல்யாணி ராகத்தில் 'நிதி சால சுகமா' என்று பாடியதும் எல்லோருக்கும் தெரிந்தவை. தஞ்சை அரண்மனை அழைப்பை மறுத்தபோது அந்தக் கீர்த்தனை பிறந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த வாழ்க்கையைக் கும்பிடுவதில் எனக்குத் தயக்கமே கிடையாது. ஆனால் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு மேளக்காரர் வாசலில் போய் நிற்பது நியாயமாகாது. மேளம் என்பது முதலிலிருந்தே ஊழியம். அதற்குக் கோயில் மானிய நிலமும், அறுவடைக் களத்தில் அளந்து கொடுத்த நெல்லும், கல்யாண வீட்டுச் சம்பாவனையும் கூலியாக இருந்தன. நெல்லாக வாங்கியபோது தெய்வீகமாக இருந்தது ரூபாயாக வாங்கியதும் வியாபாரமாகிவிட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். காவிரிக்கரையில் நாம் போய் விழுந்து வணங்குகிற தியாகராஜர் சமாதிக் கோயிலைக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பாடியும் ஆடியும் தாம் சம்பாதித்ததை அவர் அங்கே கொண்டுவந்து போட்டார். நிதி வேண்டாம் என்றவருக்குக் கோயில் எழும்பியது பாடிச் சேர்த்த நிதியில்தான்.

அந்தக் காலத்து வித்துவான்கள் யாரும் சினிமா பக்கம் போகவில்லையே?

போனார்கள், போட்டி போட்டுக்கொண்டே போனார்கள். ஜி.என். பாலசுப்பிரமணியமும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் 1940இல் 'சகுந்தலை'யில் சேர்ந்து நடித்தார்கள். அதே 1940இல் நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையே 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாக வந்தார். தேவாரம் ஓதும் மரபிலிருந்து வந்தவரும் நன்னிலம் பக்கத்துத் திருச்செங்காட்டங்குடிக்காரருமான எம்.எம். தண்டபாணி தேசிகர் 1942இல் 'நந்தனா'ராக நடித்தார். போலகத்தில் பிறந்து பாபநாசத்தின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட பாபநாசம் சிவன், கச்சேரி மேடைக்கு எழுதிய அதே பேனாவால் திரைப்படத்திற்கும் எழுதினார்.

இவர்கள் எல்லோரையும் இன்று நாம் சம்பிரதாயத்தின் தூண்கள் என்கிறோம். அன்று அவர்களைப் பற்றியும் முணுமுணுப்பு இருந்தது. ஐம்பது ஆண்டு போனால் முணுமுணுப்பு மறந்துபோகிறது, பாட்டு மட்டும் தங்குகிறது.

ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார், கோட்டு போட்டார். அது விளம்பரம்தானே?

விளம்பரமும்தான். அவருக்கு அது பிடிக்கும் என்பதை யாரும் மறைத்ததில்லை. ஆனால் அவர் (1898–1956) வளர்ந்த காலத்தில் மேளக்காரருக்கு இருந்த இடம் என்ன என்று தெரிந்தால்தான் அந்தக் கோட்டின் பொருள் விளங்கும். தோளில் துண்டு போடக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர் மேடையில் உட்கார்ந்து பாடுவார், நாயனக்காரர் வாசலில் நின்று வாசிப்பார். அப்படிப்பட்ட நாளில் ஒருவர் சரிகைத் தலைப்பாகையோடும் விரல் நிறைய மோதிரத்தோடும் வந்து, மேடை போட்டு உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்றால், அது ஒரு தனி மனிதரின் டாம்பீகத்தோடு முடிந்துபோகிற விஷயமாக இருக்கவில்லை. அவருக்குக் கிடைத்த நாற்காலியில் பிறகு மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

புகழைத் தேடியவர் வாத்தியத்தை என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அதுவரை பெரும்பாலும் கையில் இருந்தது திமிரி: குட்டை, சுருதி ஏறியது, தெருக்கோடிக்குக் கேட்கும். அதிலிருந்து சுருதி தாழ்ந்த நீண்ட பாரிக்கு மாறியதும், சுத்த மத்தியமம் என்ற சுரம் சரியாகப் பேசும்படி நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு குழலைத் திருத்தியதும், சுருதி மட்டும் பிடிக்கும் குழலான ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவை வைத்துக்கொண்டதும் அவர் காலத்து மாற்றங்கள். எங்கள் பக்கத்து ஆசாரிகள் இன்றும் ஆச்சாமரத்தில், பெரும்பாலும் பழைய வீடு இடித்த உத்திரத்தில், கடைந்து கொடுப்பது அந்தப் பாரியைத்தான். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் ராஜரத்தினம் பிள்ளை பெயரைத்தான் முதலில் சொன்னார்கள்.

அவர் பெயரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது கிராமபோன் தட்டில் வந்த தோடி. ஒரு பக்கத்திற்கு மூன்று, மூன்றரை நிமிடத்திற்கு மேல் இடமில்லாத தட்டு அது. நாலு வீதியிலும் இரவெல்லாம் தோடி வாசிக்கிறவர் அந்தச் சில நிமிடத்திற்குள் அடங்கிக்கொடுத்தார். அதைச் சமரசம் என்று சொல்லலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

காருகுறிச்சியாருக்குப் பெயர் வந்ததே ஒரு சினிமாப் பாட்டால்தானே?

இல்லை. காருகுறிச்சி அருணாசலம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ராஜரத்தினம் பிள்ளையிடம் இருந்து வாசித்தவர். 'கொஞ்சும் சலங்கை' 1962இல் வருவதற்கு முன்பே கோயில்களும் சபைகளும் அவருக்காகக் காத்திருந்தன. அந்தப் படத்தின் 'சிங்கார வேலனே தேவா' செய்தது, கோயிலுக்கும் சபைக்கும் போகாதவர் வீட்டுக்குள் அவருடைய ஆபேரியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த இரண்டே ஆண்டில் அவர் காலமாகிவிட்டார்.

அந்தப் பாட்டை நாயனத்தோடு சேர்த்து இன்னொரு முறை கேளுங்கள். எஸ். ஜானகியின் குரலும் குழலும் சுரங்களை மாற்றி மாற்றி எடுக்கும் இடத்தில், குழல் குரலுக்குப் பின்னால் ஓடி நிரப்புகிற வேலையைச் செய்வதில்லை. பல இடங்களில் குரல்தான் குழலின் பிடியை (சுரக்கோவையை) எடுத்துக்கொண்டு போகிறது. வேகமாக உருளும் பிர்கா ஒவ்வொன்றும் தனித்தனியாக, உதிர்த்த மல்லிகை போல விழுகிறது. கோயில் மண்டபத்தில் வாசித்தால் இதைவிட மேலாக எதைச் செய்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பற்றியும் இதையே கேட்பார்கள். கதைநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம், நாயகி திருவாரூர்க்காரி; ஆனால் படத்தில் நாம் கேட்கும் நாயனம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் இன்னும் உண்டு, வெளியில் சொல்ல மாட்டார்கள்.

கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசித்தால் சம்பிரதாயம் கெட்டுவிடாதா?

கல்யாணம் என்பது ஒரே நீளத் துணி அல்ல. ஊஞ்சலுக்குக் குறிஞ்சியோ ஆனந்தபைரவியோ வேண்டும். மாலை மாற்றும்போது அதற்குரியது. தாலி ஏறும்போது கெட்டிமேளம். இந்த இடங்களில் சினிமாப் பாட்டுக்கு வேலையில்லை, விவரம் தெரிந்த நாயனக்காரர் கேட்டாலும் வாசிக்க மாட்டார். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும் நேரமும், மாலை வரவேற்பும் வேறு. அங்கே மக்கள் இலையைப் பார்த்துக்கொண்டோ மொய் எழுதிக்கொண்டோ இருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பெண்ணின் தாய்மாமன் துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டி, "அண்ணே, இந்தப் பாட்டு கொஞ்சம் வாசிங்கண்ணே, பொண்ணு ஆசைப்படுது" என்றார். நாயனக்காரருக்கு அந்தப் பாட்டு தெரியாது. கோபித்துக்கொள்ளாமல் தன் பையனிடம் செல்போனை வாங்கி, தவில் தனி ஓடிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் ஒரு காதில் அதைக் கேட்டார். குழல் முனையில் செருகும் சீவாளியை வாயில் வைத்து நனைத்தார், சுருதிக்கு ஒரு சட்ஜம் பிடித்தார், பல்லவியை வாசித்தார். இரண்டாம் முறை பல்லவிக்கு வந்தபோது அது கீரவாணியின் சாயலில் இருப்பதைக் கண்டுகொண்டு, மெட்டின் ஓரத்தில் இரண்டு பிடிகள் சேர்த்தார். மணப்பெண் நிமிர்ந்து பார்த்தாள். பந்திக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவரும் நின்று பார்த்தார். இதில் கெட்டுப்போனது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் எந்த இடத்தில்தான் விலைபோவது தொடங்குகிறது?

'இவர்களுக்கு இது போதும்' என்று வாசிப்பவர் மனத்திற்குள் சொல்லிக்கொள்ளும் இடத்தில். அதே துண்டுச்சீட்டு வேறொரு பந்தலில் வேறொருவரிடம் போனதையும் பார்த்திருக்கிறேன். அவர் சுருதி சரிபார்க்கவில்லை. துத்துக்காரம் (நாக்கால் தட்டிச் சுரத்தைப் பிரிப்பது) இல்லாமல் வெறும் காற்றை ஊதி, மெட்டின் எலும்பை மட்டும் வாசித்தார். சரணத்தில் பாதியை விட்டுவிட்டு மறுபடி பல்லவிக்குத் தாவினார். கைதட்டல் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால்தான் கைதட்டலை வைத்து எதையும் முடிவுசெய்யக்கூடாது என்கிறேன்.

இதில் சங்கடமான பகுதி ஒன்று உண்டு. இப்படி ஏனோதானோ என்று வாசிப்பவர் சினிமாப் பாட்டை மட்டும் அப்படி வாசிப்பதில்லை. சுவாமி புறப்பாட்டின்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிக்க வேண்டும். அதை மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) எடுத்து வாசிக்கப் பொறுமை இல்லாமல், அவசரமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சுவாமியைக் கிளப்பிவிடுகிறவரை நான் அறிவேன். அவர் வாழ்நாளில் சினிமாப் பாட்டே வாசித்ததில்லை, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். என்னைக் கேட்டால் விலைபோனவர் அவர்தான். வாங்க ஆள் இல்லாததால் நமக்குத் தெரியவில்லை.

சாதகம் (அன்றாடப் பயிற்சி) விட்டுப்போனதை வெளியாள் எப்படிக் கண்டுபிடிப்பது?

மேடையில் கடினம். திருவிழாவில் எளிது. புறப்பாட்டில் மேல வீதி தாண்டி வடக்கு வீதிக்குச் சுவாமி வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். ஜெனரேட்டர் வண்டியும், சுவாமியைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளும், தூக்கம் வராத நாலைந்து கிழவர்களும்தான் மிச்சம். அந்த நேரத்தில் என்ன வாசிக்கிறார் என்று கேளுங்கள். கையில் சரக்கு இருப்பவர் அப்போதுதான் காம்போதியையோ கரகரப்பிரியாவையோ சாவகாசமாக விரிப்பார், பள்ளியறைக்கு நீலாம்பரி வரை மூச்சு வைத்திருப்பார். இல்லாதவர் கீழ வீதியில் வாசித்த அதே நாலு பாட்டைத் திரும்ப வாசிப்பார்.

தவில்காரர்கள் வரவரச் சத்தத்திற்கும் கைதட்டலுக்கும்தானே அடிக்கிறார்கள்?

தவில் வீட்டில் பிறந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குச் சுடும். உண்மை பாதி இருக்கிறது. மைக்கைத் தவிலின் வலது முகமான வலந்தலைக்கு ஒட்டி வைத்து, கூடு போட்ட விரலால் அடிக்கும் அடியைப் பெரிய ஒலிபெருக்கியில் விட்டால், நாயனம் அடங்கிப்போகிறது. ஜனங்கள் அதற்குத்தான் விசில் அடிக்கிறார்கள். எங்கள் தாத்தா கீர்த்தனைக்குத் தொப்பியை (இடது முகத்தை)ப் பாதிக்கு மேல் தொடமாட்டார் என்று அப்பா சொல்வார். தாத்தாவுக்கு ஒலிபெருக்கியும் இல்லை என்பதை நான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கீபோர்டு, சாக்ஸபோன் எல்லாம் சேர்த்துக்கொள்வது வெளியூர்ச் சரக்கைக் கலப்பது ஆகாதா?

வயலின் எங்கிருந்து வந்தது? சரபோஜி காலத்துத் தஞ்சை அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியங்கள் ஒலித்தன. தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு வயலினைக் கற்று நம் இசைக்குப் பழக்கினார். 1834இல் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தில் செய்த வயலினையே பரிசாகக் கொடுத்தார். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பாண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுசுரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவற்றில் ஒன்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. இன்று ஒரு நாயனக்காரர் அப்படிச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது.

கீபோர்டைப் பற்றி எனக்கு இருக்கும் குறை வேறு. அதன் சுரங்கள் அசையாமல் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து தினமும் வாசித்தால் நாயனக்காரரின் காந்தாரமும் நிஷாதமும் மெல்ல அதன் பக்கம் சாய்ந்து, அசைவு குறைந்துபோகும். இது காதில் நடக்கும் சேதம்.

எளிமையாகக் கொடுத்தால் தரம் குறைந்துவிட்டது என்றுதானே பெரியவர்கள் சொல்வார்கள்?

சொல்வார்கள், சில நேரம் பிறகு மாற்றிக்கொள்வார்கள். மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரக் கீர்த்தனைகள் ஊரெல்லாம் பரவியிருந்தன. அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் (பாராட்டுப் பாட்டு) கேட்டுப் போனார். இலக்கணப் பிழை இருக்கிறது, பெரியபுராணத்திலிருந்து கதை விலகுகிறது என்று பிள்ளையவர்கள் பல நாள் கடத்தினார்கள். ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தமக்குத் தாமே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு உருகிப்போய் எழுதிக் கொடுத்தார்கள் என்று உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். பிழை பிழையாகவே இருந்தது. பாட்டும் பாட்டாகவே இருந்தது. நூல் 1861இல் அச்சேறியது.

கட்சி மேடையில் பாடுவது? அதுவுமா விலைபோவதில்லை?

நாகூர் ஹனிபாவை மனத்தில் வைத்துத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அவர் (1925–2015) திராவிட இயக்க மேடைக்கும், இஸ்லாமியப் பக்திப் பாடலுக்கும் ஒரே தொண்டையைத்தான் கொடுத்தார். எதற்காகவும் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. தான் நம்பியதைப் பாடியவரை விற்றவர் என்று எப்படிச் சொல்வது? இந்த வாரம் ஒரு கொடிக்கும் அடுத்த வாரம் எதிர்க்கொடிக்கும் பாடுகிறவர்களைப் பற்றி வேண்டுமானால் தனியாகப் பேசலாம்.

வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறார்கள் என்று சொல்லி எல்லாவற்றையும் மன்னித்துவிட முடியுமா?

முடியாது. ஆனால் கணக்கு தெரியாமல் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பெரும்பாலும் கிடையாது. மிச்ச மாதங்களிலும் நாயனம், தவில், தாளம், சுருதி என்று ஒரு செட்டுக்குக் கிடைப்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சீவாளி நாணல் தட்டையில் செய்வது, நாள்பட உழைக்காது. தவிலுக்குத் தோல் மாற்ற வேண்டும். இப்போது கேரளத்துச் சிங்காரி மேளம் மண்டபத்து வாசலுக்கே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் நண்பர்கள் அதற்குத்தான் ஆடுகிறார்கள். 2020 ஊரடங்கில் முகூர்த்தங்களும் திருவிழாக்களும் நின்றபோது, எங்கள் உறவில் ஒருவர் நாயனத்தை உறையில் போட்டுவிட்டு நடவு வயலுக்கு நாற்றுக்கட்டு சுமந்தார்.

அவர் திரும்பி வந்து முதல் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை சினிமாப் பாட்டாகவே வாசித்தார். நான் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்தும் அதையே வாசித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

பையன் முப்பது விநாடி ரீல்ஸ் போட்டுப் பிரபலமாகப் பார்க்கிறான். தடுக்கலாமா?

கிராமபோன் தட்டைப் பற்றி மேலே ராஜரத்தினம் பிள்ளை பதிலில் எழுதியதைப் பாருங்கள். கால அளவு ஒருபோதும் குற்றவாளி இல்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரியை இறுக்கி, சிறுசிறு உருப்படிகளாகக் கோத்துக் கொடுத்த பத்ததி கேட்பவரை அலுக்கவிடாமல் வைத்திருக்க உதவியது. இன்று அதுதான் சாஸ்திரோக்தமான கச்சேரி முறை என்கிறோம்.

வேறுபாடு ஒன்றே ஒன்று. தோடித் தட்டுக்குப் பின்னால் இரவெல்லாம் வாசிக்கும் தோடி இருந்தது. பையனின் முப்பது விநாடிக்குப் பின்னால் முப்பத்தொன்றாம் விநாடி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் போடட்டும், நானே நாலு பேருக்கு அனுப்புகிறேன்.

நீங்கள் யாரையாவது தவறாக எடைபோட்டதுண்டா?

இரண்டு பக்கமும் தவறியிருக்கிறேன். பெரியப்பா மகன் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, பாண்டு செட்டோடு சேர்ந்துகொண்டு பளபளக்கும் சட்டையில் வாசிக்கத் தொடங்கினார். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "பெரியப்பா இருந்தா இதைப் பார்த்திருக்கவே மாட்டாரு" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வைகாசியில் எங்கள் ஊர்க் கோயில் புறப்பாட்டுக்கு ஒப்புக்கொண்ட செட்டு வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அவரைக் கூப்பிட்டோம். பெரியப்பாவின் பழைய குழலை எடுத்துக்கொண்டு வந்து, நாலு வீதியும் வாசித்தார். மூச்சு முன்போல் நிற்கவில்லை, இரண்டு இடத்தில் மேல்ஸ்தாயியில் தடுமாறினார். ஆனால் பைரவியில் பெரியப்பாவின் பிடி ஒன்றுகூடத் தொலையவில்லை. தினமும் விடியற்காலையில் வீட்டில் வாசித்திருக்கிறார். அந்தப் பளபளச் சட்டைதான் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டதை அவர் கேட்காதது மாதிரி இருந்துவிட்டார்.

இன்னொருவருக்காகப் பல ஆண்டு வாதாடினேன்: மெல்லிசை வாசிக்கிறார், அதனால் என்ன, சரக்கு எங்கே போய்விடும் என்று. ஒரு கும்பாபிஷேகத்தில் யாகசாலையிலிருந்து புனிதநீர்க் கடம் புறப்படும்போது மல்லாரி கேட்டார்கள். விரல் ஓடியது, நினைவு கூடவே ஓடவில்லை; பாதியில் நின்று தவில்காரரைப் பார்த்தார். தவில்காரர் சமாளித்துக் கொண்டுபோனார். இருவரும் வாசித்த வெளி மேடைகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் வீட்டில் வாசித்தார், மற்றவர் வாசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் கல்யாணம் வருகிறது. மேளம் பேசும்போது நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?

சினிமாப் பாட்டு வேண்டுமானால் எந்தெந்தப் பாட்டு என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், துண்டுச்சீட்டு வேண்டாம். முகூர்த்தத்திற்கு முன் அரை மணி நேரம் அவர் விருப்பப்படி வாசிக்க விடுங்கள், அந்த நேரத்தில் மண்டபத்து ஸ்பீக்கரில் வேறு பாட்டு ஓடக்கூடாது என்று மண்டபத்துக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பேசிய தொகையை முகூர்த்தம் முடிந்ததும் கொடுத்துவிடுங்கள், மாலைவரை காக்க வைக்காதீர்கள். முதல் பந்தியிலேயே அவர்களுக்கு இலை போடுங்கள். வயிறு நிறைந்தபின் உடனே ஊதமுடியாது என்பதால் அரை மணி இடைவெளியும் கொடுங்கள். உங்கள் தாத்தாவுக்குப் பிடித்த ராகம் ஏதாவது இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். எந்த வித்துவானும் அதை மறுத்து நான் பார்த்ததில்லை.